400 என்றால் எதற்கு 400?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் விவசாயப் பக்கத்தில், மினி டிராக்டரில் இழுத்துப் போகும் மருந்து தெளிப்பானைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். திராட்சைக்காரர்களுக்கு உபயோகமான கட்டுரைதான். ஆனால் அதில் ஒரு வரி, டிரைவர் கைக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்பிளே பெட்டியில் 400 என்று வைத்துவிட்டால் ஏக்கருக்கு 400 லிட்டர் தானாகப் போய்விடும் என்று சொன்னது. எங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூடலூர் விவசாயி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினார். அதில் சொன்னபடியே 400 வைத்து அடித்தார். ஐப்பசி மழை பிடித்த பிறகு பார்த்தால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அடிச்சாம்பல் நோய்.

அந்தப் பெட்டி கேட்பது ஹெக்டேர் கணக்கு, ஏக்கர் கணக்கல்ல. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 400 என்று வைத்தால் ஏக்கருக்கு 162 லிட்டர்தான் விழும். நம் ஆட்கள் மருந்தை லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் டேங்கில் கலக்கிறார்கள். ஆகவே தண்ணீர் பாதிக்கும் கீழே போனபோது மருந்தும் கூடவே போய்விட்டது.

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு விஷயம் உண்டு. வழக்கமாக ஒரு ஏக்கருக்கே காலியாகிவிடும் 400 லிட்டர் டேங்க், புது வண்டியில் இரண்டரை ஏக்கருக்கு வந்திருக்கிறது. அவர் அதைச் சந்தேகப்படவில்லை. டீக்கடையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "புது வண்டி மாப்ள, மருந்து பாதிக்குப் பாதி மிச்சம்" என்று.

நோய் வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். விவசாயிக்கு மருந்து போலியோ என்று சந்தேகம். மருந்துக்கடைக்காரர் சென்சார் போயிருக்கும் என்றார். வண்டி விற்ற இடத்தில், ஆளே வந்து பார்க்காமல், போனிலேயே சொல்லிவிட்டார்கள்: பெட்டி அவுட், மாற்ற வேண்டும், 38,000 ரூபாய். விற்றவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அந்த நம்பரை எங்கே போடுவது, எதற்காகப் போடுவது என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கம்பத்தில் 1986-இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவன். ரேடியோ போய் டேப் ரிக்கார்டர் வந்தது, அது போய் டி.வி. வந்தது. அப்புறம் செல்போன் வந்து எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனது. இப்போது கடைக்கு வருவது முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர், சொட்டுநீர் டைமர், இந்த மாதிரி டிராக்டர் தெளிப்பானின் வயர், சென்சார். மண்ணெண்ணெய் வாசம் வந்த கடையில் இப்போது கந்தக வாசம் வருகிறது. கை பழகிய வேலை அதேதான்: சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை.

கூடலூர் தோட்டத்துக்கு நான் எடுத்துப் போனது மல்டிமீட்டர்கூட இல்லை. ஒரு வாளி, ஒரு லிட்டர் அளவு ஜாடி, செல்போனில் இருக்கும் ஸ்டாப் வாட்ச். முதலில் டேங்கை நன்றாகக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மருந்தை ஊதித் தள்ளும் காற்றாடியை நிறுத்தி, பம்பை மட்டும் ஓட விட்டோம். வண்டி நின்றால் பெட்டி வேகத்தை ஜீரோ என்று எடுத்துக்கொண்டு வால்வை மூடிவிடும். அதனால் மெனுவுக்குள் போய் டெஸ்ட் ஸ்பீடு என்ற இடத்தில் 4 கிலோமீட்டர் என்று கொடுத்தோம். பிறகு மருந்தைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலின் வாயிலும் சின்ன டியூப்பைச் சொருகி ஒரு நிமிடம் வாளியில் பிடித்தோம். பத்து நாசில். முதல் நாசிலில் 780 மில்லி. அடுத்ததில் 800. அதற்கடுத்ததில் 810. பத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த நாசில்கள் 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2 லிட்டர் தர வேண்டியவை.

பத்தும் ஒரே மாதிரி குறைகிறது என்றாலே அடைப்பு இல்லை என்று அர்த்தம். அடைப்பாக இருந்தால் ஒன்று குறையும், ஒன்று கூடும். அங்கேயே பிரஷர் கேஜைப் பார்த்தேன். முள் ஒன்றரையைத் தாண்டி நின்றது. இதுவும் கணக்குக்குச் சரி: தண்ணீர் இரண்டு மடங்கு வர வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். ஐந்தில் இரண்டு பங்காகத் தண்ணீர் குறைந்தால் அழுத்தம் ஆறில் ஒரு பங்காக விழும். அந்த அழுத்தத்தில் இந்த நாசிலில் புகை மாதிரி வராது, சொட்டாகத்தான் வரும். பந்தலில் இலையின் அடிப்பக்கம் நனையவே நனையாது. அடிச்சாம்பல் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

பெட்டி மட்டும் 400, 400, 400 என்று ஆடாமல் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. அது சொன்னதும் சரிதான். அதனிடம் கேட்டது ஹெக்டேருக்கு 400, அது கொடுத்ததும் ஹெக்டேருக்கு 400. 1000 என்று மாற்றினோம். முள் 10-க்கு ஏறியது, ஒவ்வொரு நாசிலிலும் 2 லிட்டர். செலவு, இரண்டு டீ. 38,000 ரூபாய் தப்பித்தது. போன குலை போனதுதான்.

இந்தப் பெட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தோட்டத்திலேயே தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். அதற்குக் கண் கிடையாது. சக்கரத்தில் ஒட்டிய காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின் துடிப்பு வரும். அதை வைத்து வண்டியின் வேகம். குழாயின் நடுவே ஃப்ளோ மீட்டருக்குள் ஒரு குட்டி விசிறி சுற்றும், அது சுற்றச் சுற்றப் பல்ஸ் வரும். அதை வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். மூன்றாவது, ஒரு தடவை போனால் எத்தனை மீட்டர் அகலம் நனைகிறது என்று நாம் கையால் போடும் எண். லிட்டரை 600-ஆல் பெருக்கி, வேகத்தாலும் அகலத்தாலும் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். நம் பன்னீர் திராட்சையில் வரிசைக்கு வரிசை 3 மீட்டர். வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் போகிறது. 20-ஐ 600-ஆல் பெருக்கினால் 12,000. அதை 4 பெருக்கல் 3, அதாவது 12-ஆல் வகுத்தால் 1000. ஏக்கருக்கு 405 லிட்டர். இவ்வளவுதான் அந்தப் பெட்டியின் படிப்பு. இந்த எண்களில் ஒன்றைத் தப்பாகக் கொடுத்தால், தப்பான விடையை ரொம்ப நிதானமாக, பத்துக்குப் பத்து நம்பிக்கையோடு காட்டும்.

இரண்டாவது கதை சுருளிப்பட்டியில். இது கூடலூரைவிட மோசம், ஏனென்றால் இங்கே எல்லாரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். ஹெக்டேருக்கு 1000 என்று வைத்திருந்தார்கள். அகலம் சரி. வேகமும் சரி, நானே 100 மீட்டர் டேப் பிடித்து அளந்தேன். 4 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் போக 90 விநாடி ஆக வேண்டும், 91 ஆனது. ஆனால் நாசிலில் பிடித்தால் ஒன்றே முக்கால் லிட்டர்கூட வரவில்லை. பெட்டியில் 1000.

தோட்டக்காரரிடம் கேட்டேன், "மாமா, சமீபத்துல எதையாவது மாத்துனீங்களா?" இல்லை என்றார். டிரைவர் பையன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான், ஆடியில் ஃப்ளோ மீட்டர் இறுகிப்போய்ப் புதுசு போட்டோம் என்று. குனிந்து பார்த்தேன். மீட்டரின் கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை தொங்கியிருக்க வேண்டும். அட்டை இல்லை, அதைக் கட்டிய கம்பி மட்டும் இருந்தது. மாட்டிய மெக்கானிக், பார்க்க அசிங்கமாகத் தொங்குகிறதே என்று வெட்டி எறிந்திருக்கிறார்.

அந்த அட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு லிட்டர் போனால் இந்த மீட்டர் எத்தனை பல்ஸ் கொடுக்கும் என்ற எண். ஒவ்வொரு மீட்டருக்கும் அது வேறு. சில கம்பெனிகள் லிட்டர் கணக்கில் போடாமல் 10 கேலனுக்கு இத்தனை என்று அச்சடிக்கிறார்கள், அது அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். பழைய மீட்டருக்கு 600 என்று பெட்டியில் இருந்தது. புது மீட்டருக்கும் 600 என்றே விட்டுவிட்டார்கள்.

எண் இல்லாவிட்டால் கண்டுபிடிக்க வழி உண்டு. டேங்கில் 400 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றினோம். கலக்கிக்கொடுக்கும் ரிட்டர்ன் தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடும், அதனால் கணக்கில் குழப்பம் இல்லை. பெட்டியில் மொத்த லிட்டரை ஜீரோ செய்துவிட்டு அடிக்க விட்டோம். பெட்டி 400 காட்டியதும் நிறுத்தினோம். டேங்கில் மிச்சத்தை வடித்து அளந்தால் 67 லிட்டர். அப்படியானால் உண்மையில் போனது 333 லிட்டர்தான். பெட்டி சொன்ன லிட்டரை நிஜமாகப் போன லிட்டரால் வகுத்து, பழைய எண்ணோடு பெருக்க வேண்டும். 400-ஐ 333-ஆல் வகுத்து 600-ஆல் பெருக்கினால் 720. அந்த எண்ணைப் போட்டு மறுபடி ஒரு முறை ஓட்டினோம். இந்தத் தடவை டேங்க் காலியாகவும் பெட்டி 400-ஐத் தொடவும் சரியாக இருந்தது. மாமா அந்த 720-ஐச் சிவப்பு பெயின்டில் டேங்க் மேலேயே எழுதிவிட்டார், டிராக்டர் நம்பரைவிடப் பெரிதாக.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை, ஆறில் ஒரு பங்கு மருந்து குறைவாகவே அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. யாருக்கும் தெரியாது. குறைந்ததால் இந்த மட்டில் போனது. இதே தப்பு மறுபக்கமாக, புது மீட்டரின் எண் 600-க்குப் பதில் 500 என்று இருந்திருந்தால், ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கும். குமுளி ரோட்டில் தினமும் நம் காய்களும் பழங்களும்தான் கேரளாவுக்கு மேலே ஏறுகின்றன. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் இருக்கிறது என்று கேரளாவில் கிளம்பிய பேச்சை மறந்திருக்க மாட்டீர்கள். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பூச்சிமருந்தால் பட்டதை அவர்கள் மறக்கவில்லை, 2011-இல் உச்ச நீதிமன்றமே அதைத் தடை செய்தது. மருந்து என்றாலே அங்கே கண் சிவக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் நேரத்தில், எச்சம் என்று ஒரு லோடு திரும்பி வந்தால் அது ஒரு தோட்டத்தோடு நிற்காது.

ஃப்ளோ மீட்டர் ஏன் இறுகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சாண நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பைச் சரியாக வடிகட்டாமல் ஊற்றினால் அந்த நொய் விசிறியின் முனையில் போய்ப் படிந்து, ஒரு வாரம் வண்டி நின்றால் சிமென்டாக இறுகிவிடும். அடித்து முடித்தவுடன் நல்ல தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டினாலே போதும். யாரும் ஓட்டுவதில்லை, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். (போர்டோ கலவையை எங்கள் அப்பா காலத்தில் பளபளவென்று தீட்டிய கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். கத்தியைவிட நல்ல மீட்டர் இந்த வேலைக்கு இன்னும் வரவில்லை.)

இறுகிய மீட்டரைக் கழற்றினால் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து ஊதுகிறார்கள். விசிறி விர்ரென்று சுற்றுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரில் சுற்ற வேண்டிய பேரிங் அந்த வேகத்தில் தீய்ந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்து, சைக்கிள் பம்பால் மெல்ல ஊதினால் போதும், விசிறி தடங்கல் இல்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். இரண்டாவது தப்பு, வாயை வைத்து ஊதுகிறார்கள். மீட்டரை மட்டுமல்ல, நாசிலையும்! சுருளிப்பட்டிப் பையன் என் கண் முன்னாலேயே நாசிலை வாய்க்குள் வைத்து உறிஞ்சித் துப்பினான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்துவிட்டார். சைக்கிள் பம்பு ஒன்று வண்டியில் கிடக்கட்டும் ஐயா, என்ன விலை வந்துவிடப் போகிறது.

மலைமேல், கேரளத்து ஏலத்தோட்டங்களில், பிரச்சினை வேறு. விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான், மருந்தடிப்பதும் அவர்கள்தான். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பிக்கப்பில் டேங்கும் பம்பும் ஏற்றி, பிரஷர் சென்சாரும் டிஸ்பிளேயும் வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடி மழையில் டிஸ்பிளே ஜீரோ என்கிறது, பம்பு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் வெயில் அடித்தால் தானாகச் சரியாகிறது. சென்சாரை இரண்டு தடவை மாற்றியும் தீரவில்லை என்று ஆள் அனுப்பினார்கள்.

இது மல்டிமீட்டர் வேலை. அந்த மாதிரி சென்சாருக்கு மூன்று வயர்: ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். அவர்களுடையது அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும், முழு அழுத்தத்தில் 4.5 வோல்ட்டும் தரும் வகை. அதாவது பம்பு நின்றிருக்கும்போதும் சிக்னலில் அரை வோல்ட் இருக்க வேண்டும். சுத்தமாக ஜீரோ என்றால் பெரும்பாலும் வயர் எங்கோ துண்டித்திருக்கிறது, எடுத்தவுடன் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. சாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே பின் தெரியவில்லை, பச்சைக் களிம்புதான் தெரிந்தது. மூடுபனி, மருந்துச் சாரல், மூடாத சாக்கெட். கிளீனர் அடித்துத் தேய்த்து, பின்னை லேசாக நெருக்கி, சாக்கெட்டுக்கு உரிய கிரீஸை வைத்து மூடினேன். அந்த மழைக்காலம் முழுக்கப் பம்பு நிற்கவில்லை. கழற்றி எறிந்த இரண்டு சென்சாரையும் கேட்டு வாங்கி வந்து கடையில் சோதித்தேன், இரண்டுமே உயிரோடு இருந்தன.

டிராக்டர்களில் இதே நோய் எர்த் வயரில் வரும். பெயின்ட் மேலேயே எர்த்தை முடுக்கியிருப்பார்கள். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், ஏனென்றால் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட வோல்ட் காட்டும். வால்வு மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். அப்போது 9, 10 என்று விழுந்தால் வயரில்தான் கோளாறு. பெட்டி அணைந்து அணைந்து எரிவது, எண் 900, 1100, 850 என்று தாவுவது, இதில் பாதி இதனால்தான். மீதிப் பாதி, பம்புக்குத் தண்ணீர் இழுக்கும் சக்‌ஷன் ஓஸில் காற்று இழுப்பதால் வரும். காற்றுக் குமிழி கலந்தால் மீட்டர் விசிறி கண்டபடி சுற்றும்.

சென்சார் போனதா, வயர் போனதா, பெட்டி போனதா என்று பிரித்துப் பார்க்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. ரேடியோவில் ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஃப்ளோ மீட்டர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வரும் வயர்ப் பக்கத்தில், சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் டக் டக் டக் என்று தொட்டு எடுக்க வேண்டும். பெட்டியில் லிட்டர் எண் ஏறினால் பெட்டியும் வயரும் நன்றாக இருக்கின்றன, மீட்டரைப் பாருங்கள். ஏறாவிட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கெட்டில் இதையே செய்யுங்கள். அங்கே ஏறினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது, பெரும்பாலும் எலி. அங்கேயும் ஏறாவிட்டால்தான் பெட்டி. சப்ளை பின்னைத் தொட்டுவிடாதீர்கள், ஃபியூஸ் போகும், சில சமயம் ஃபியூஸோடு நிற்காது. எந்தப் பின் எது என்று தெரியாமல் இதைச் செய்யவே கூடாது. நான் இந்த வகையில் சோதித்த வண்டிகளில் பெட்டியே போனதென்று சொல்லத்தக்கவை இரண்டுதான். இரண்டிலும் பெட்டி மாட்டியிருக்கும்போதே டிராக்டரில் வெல்டிங் அடித்திருந்தார்கள்.

சக்கர சென்சாரில் பெரிய மர்மம் இல்லை. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கலாம், சேறு அப்பினாலோ பிராக்கெட் வளைந்தாலோ எண்ணுவது விட்டுப்போகும். டிராக்டரின் பின்சக்கரத்தில் வைக்காமல் தெளிப்பானின் சக்கரத்தில் வைப்பது நல்லது, ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கும். டேங்க் பாதி நிறைந்திருக்கும்போது 100 மீட்டர் ஓட்டி அளக்க வேண்டும், நிறைந்த டேங்கில் டயர் அமுங்கும், காலி டேங்கில் நிமிரும்.

இப்போது ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், இதில் ஒன்றுகூட வண்டியோடு வரும் புத்தகத்தில் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது, ஒன்றில் இத்தாலியில் இருந்தது. விற்பவர்களில் சிலர் எண்களை மாற்றும் மெனுவுக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டியும் விடுகிறார்கள். விவசாயி கண்டபடி அமுக்கிவிடுவாராம். ஒரு மீட்டரை மாற்றினால் எண்ணைப் போடக்கூட மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும், அவர் வருவதற்குள் நோய் வந்துவிடும். கவாத்து முடித்த கொடி சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்காது.

2014-15 முதல் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் கருவிகளுக்கு மானியம் வருகிறது. நம் வேளாண் பொறியியல் துறையும் அதைத்தான் செய்கிறது, நல்ல காரியம். மானியம் கொடுக்கும் கையோடு ஒரு நிபந்தனை போட்டால் போதும் என்பது என் வேண்டுகோள். வண்டி கைக்கு வரும் நாளன்று விவசாயியின் கண் முன்னால் வாளி வைத்து நாசில் பிடித்துக் காட்ட வேண்டும். சக்கர எண், ஃப்ளோ மீட்டர் எண், அகலம், நாசில் அளவு, மெனு ரகசிய எண், எந்தப் பின் எது என்ற படம், இவ்வளவும் தமிழில் ஒரே தாளில் வர வேண்டும். நாசில் அளவு என்று ஏன் சேர்த்தேன் என்றால், புது நாசிலைவிட 10 சதவீதம் கூடுதலாக ஊற்றினால் அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். புதிது எவ்வளவு ஊற்றியது என்று எழுதி வைக்காதவர் எதை வைத்துத் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பார்? வயல் தெளிப்பானில் மஞ்சள் நாசில் என்றால் 3 பாரில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர், நீலம் என்றால் 1.2 என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். தோட்டத் தெளிப்பானின் நாசில்களில் சில கம்பெனிகள் அந்த நிறக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. அதே மஞ்சள் வேறு அளவு ஊற்றும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வந்த அந்த ஏக்கர், ஹெக்டேர் தவறுக்குத் திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். கட்டம் கட்டி, 20 லிட்டர், 4 கிலோமீட்டர், 3 மீட்டர் கணக்கோடு, கத்தரிக்கோலுக்கு வசதியாக நடுப்பக்கத்தில் போடுங்கள். கூடலூர்க்காரர் பழைய துண்டை இன்னும் சுவரிலிருந்து கிழிக்கவில்லை. "பேப்பர்ல வந்தது அண்ணே" என்கிறார். புதுசு வந்ததும் அதன் மேலேயே ஒட்டச் சொல்லி, கோந்து டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.